பார்ட்டி சொன்ன விலையும் கைக்கு வரும் பணமும்

“சார், பார்ட்டி எண்பத்துநாலுக்கு வந்துட்டாங்க. நல்ல குடும்பம். என்ன சொல்லட்டும்?” வீட்டை விற்பதென்று கிளம்பிய எவருக்கும் தரகரிடமிருந்து இப்படி ஒரு போன் வந்தே தீரும். முதல் ஆளே இவ்வளவு சொன்னால் அடுத்தவர் இன்னும் கூடச் சொல்ல மாட்டாரா என்று ஆசை ஒரு பக்கம் இழுக்கும். இதை விட்டால் வேறு ஆள் வருமோ வராதோ என்று பயம் இன்னொரு பக்கம் இழுக்கும். வீட்டில் எல்லோரும் கூடிப் பேசுவார்கள். ஆடி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்பார் ஒருவர். ஆவணியில் பார்க்கலாம் என்பார் இன்னொருவர். பேச்சு முழுக்க அந்த எண்ணையே சுற்றிச் சுற்றி வரும்: எண்பத்துநாலு போதுமா, போதாதா?

அந்த எண்ணை மட்டும் பார்த்துத் தலையாட்டுவதில்தான் நம் ஊரில் வீடு விற்பவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள் என்பது என் எண்ணம். எவ்வளவு பத்திரத்தில் ஏறும், எந்த வழியில் வரும், எத்தனை மாதத்தில் வரும், வரி போக என்ன மிஞ்சும், கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து நாம் எதற்கெல்லாம் கட்டுப்படுவோம் என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. இவற்றை வெளியே எடுத்துப் பார்த்தால், கூடுதல் விலை சொன்னவர் கடைசி இடத்துக்குப் போவதும் உண்டு.

குரோம்பேட்டைப் பக்கம் அரை கிரவுண்டில், அதாவது 1,200 சதுர அடி மனையில், 1990களில் கட்டிய ஒரு தனி வீடு என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளர் சொல்லும் விலை 95 லட்சம். மூன்று பேர் வருகிறார்கள். முதலாமவர் 90 தருவார். ஆனால் பத்திரத்தில் 60, மீதி 30 ரொக்கம். இரண்டாமவர் 84, முழுக்க வெள்ளை, வங்கிக் கடன் போட்டு வாங்குவார், மூன்று மாதம் ஆகும். மூன்றாமவர் 80, சொந்தப் பணம், ஒரு மாதத்தில் கிரயம். எண்கள் கணக்குக்காக நான் போட்டவை. ஆட்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

தொண்ணூறு என்றதும் கண் விரியும். அதை மெல்லப் பிரித்துப் பார்ப்போம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். முப்பது லட்சத்தைப் பத்திரத்தில் காட்டாமல் விட்டால் வாங்குபவருக்கு 2 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய் மிச்சம். விற்பவருக்கும் லாபம் உண்டு என்று தரகர் சொல்வார். மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம் என்று வைத்தால், முப்பது லட்சத்துக்கு 3 லட்சத்து 75 ஆயிரமும் செஸ்ஸும் மிச்சமாகும். ஆனால் விற்ற பிறகு என்ன செய்யப் போகிறீர்கள்? இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கினாலோ, மூன்று வருடத்துக்குள் கட்டினாலோ, ஆதாயம் முழுவதையும் அதில் போட்டுவிட்டால் அந்த வரியே கிடையாது. வீட்டை விற்று ஃபிளாட்டுக்குப் போகிறவர், கட்டத் தேவையில்லாத வரியை மிச்சப்படுத்துவதற்காக முப்பது லட்சத்தைக் கட்டைப்பையில் வாங்கிக்கொள்கிறார். அதை வங்கியில் போட முடியாது. புது ஃபிளாட்டை வங்கிப் பரிமாற்றத்தில் மட்டுமே விற்கிறவரிடம் அது செல்லாது.

அதைவிட மோசமானது ஒன்று உண்டு. அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதற்கு 2015 ஜூன் முதல் தடை இருக்கிறது. மீறினால், வாங்கிய தொகைக்குச் சமமான தண்டம். கட்ட வேண்டியவர், பணத்தைக் கையில் வாங்கியவர். நாளைக்கு வீடு வாங்கியவரிடம் சோதனை நடந்து, அவருடைய டைரியில் நம் பெயரும் தொகையும் இருந்தால் முப்பது லட்சமும் போய்விடும். மிச்சம் அவருக்கு, ஆபத்து நமக்கு. எல்லோரும் செய்வதுதானே என்பார்கள். எல்லோரும் மாட்டுவதில்லை என்பது உண்மைதான். அந்தத் தைரியத்துக்கு என்ன விலை என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம். என் கணக்கில் இந்தத் தொண்ணூறு, அறுபதும் ஒரு சந்தேகமும்தான்.

இரண்டாமவரின் 84 எப்படி? லோன் பார்ட்டி என்றாலே பலர் முகம் சுளிக்கிறார்கள். அது பாதி நியாயம்தான். வங்கிக்காரர் ஆராயப் போவது வாங்குபவரின் சம்பளச் சீட்டை மட்டுமில்லை, நம் காகிதங்களையும்தான். தாய்ப்பத்திரம், முப்பது வருட வில்லங்கம், பட்டா யார் பெயரில், மாடி கட்டியதற்கு அப்ரூவல் உண்டா என்று அவருடைய வழக்கறிஞர் ஒவ்வொன்றாகக் கேட்பார். கீழ்த்தளத்துக்குப் பிளான் இருந்து, மேலே எழுப்பிய இரண்டு அறைகளுக்கு இல்லையென்றால் மதிப்பீடு அங்கேயே குறையும். 75 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக் கடன் என்றால் வீட்டு மதிப்பில் 75 சதவீதமும், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதமும்தான் ரிசர்வ் வங்கி விதித்த உச்சம். வங்கி மதிப்பு 84க்குப் பதில் 72 என்று வந்துவிட்டால், கூடுதலாகத் தேவைப்படும் பல லட்சத்தை அந்த நல்ல குடும்பம் எங்கே போய்ப் புரட்டும்? அப்போதுதான் “அண்ணே, ஒரு எழுபத்தெட்டுக்கு முடிச்சுக்கலாமா?” என்று பேச்சு திரும்பும். நாம் அதற்குள் மூன்று மாதம் காத்திருந்திருப்போம், மற்றவர்களையும் அனுப்பியிருப்போம்.

ஆகவே இரண்டாமவரிடம் கேட்க வேண்டியது, இன்னும் ஒரு லட்சம் ஏறுவாரா என்பதைவிட, கடனுக்கு அனுமதிக் கடிதம் கையில் இருக்கிறதா, தன் பணமாக எவ்வளவு வைத்திருக்கிறார் என்பது. இருக்கிறது என்றால், நம் பிளானும் ஒழுங்காக இருந்தால், 84தான் மூன்றிலும் சிறந்தது. மூன்றாமவரின் 80ஐவிட நாலு லட்சம் கூடுதல். அதற்காக இரண்டு மாதம் அதிகம் காத்திருக்கிறோம். 80 லட்சத்துக்கு ஆண்டுக்கு ஏழு சதவீத வட்டி என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 93 ஆயிரம். மூன்று லட்சம் நிகர லாபம். அனுமதிக் கடிதம் இல்லை, மாடிக்குப் பிளானும் இல்லை என்றால் நான் பேசாமல் 80க்கு முடித்துவிடுவேன்.

இதே வட்டிக் கணக்கைத்தான் ‘இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்’ என்கிறவர்கள் போட மறுக்கிறார்கள். 84 லட்சத்துக்கு ஏழு சதவீதம் என்றால் மாதம் 49,000 ரூபாய். வீட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு 88 தருகிறவருக்காகக் காத்திருந்தால், எட்டு மாதத்தில் அந்த நாலு லட்சம் கரைந்துவிடும். ஒன்பதாவது மாதம் 88 கிடைத்தாலும் அது நஷ்டம்தான். மனை விலை ஏறாதா என்று கேட்கலாம். ஏறும் இடங்கள் உண்டு. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் கடைசியில் திறக்கப்பட்டது. விமான நிலையத்திலிருந்து அதுவரை மெட்ரோ நீளப் போகிறது என்ற பேச்சும் கூடவே ஓடுகிறது. ஜிஎஸ்டி சாலையோரம் வீடு வைத்திருப்பவர் எவரும் அதைச் சொல்லாமல் விலை சொல்வதில்லை. ஆனால் வாங்க வருகிறவருக்கும் அந்தச் செய்தி தெரியும். அவர் சொல்லும் விலையில் மெட்ரோ ஏற்கெனவே பாதி ஓடிக்கொண்டிருக்கிறது.

உரிமையாளர் தன் வீட்டுக்கு மனதில் போட்டுவைத்த விலை எங்கிருந்து வருகிறது? வீடு பார்க்க வருகிறவரைக் கவனித்தால் புரியும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் தெருவையும் வீட்டையும் ஒப்பிட்டுவிடுவார். மேலே மேலே தார் போட்டு உயர்ந்துவிட்ட சாலை. அதிலிருந்து இரண்டு படி இறங்கிப் போகிற வீடு. “மழைக்குத் தண்ணி உள்ள வருமாங்க?” 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னைப் புறநகரில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் யாரும் வீடு பார்ப்பதில்லை. பிறகு விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்ப்பார். சன்ஷேடில் காரை உதிர்ந்து கம்பி தெரிகிற இடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நிற்பார். மோட்டாரைப் போடச் சொல்லித் தண்ணீரை ஒரு வாய் கொப்பளித்துத் துப்புகிறவரும் உண்டு. இந்த நேரமெல்லாம் வீட்டுக்காரர் தேக்குக் கதவின் கதையையும், மொசைக் தரைக்குத் தேடித் தேடி ஆள் பிடித்த கதையையும், கொல்லையில் மாமியார் வைத்த மாமரத்தையும் சொல்லிக்கொண்டிருப்பார். வந்தவர் மனதில் ஓடுவது வேறு: இதை இடிக்க எத்தனை நாள் ஆகும், கதவு ஜன்னலுக்குப் பழைய மரக்கடையில் என்ன தருவார்கள்.

முப்பது வருடத் தனி வீட்டில் விலை போவது பெரும்பாலும் மனைதான். கட்டடத்துக்கு நாம் போடும் மதிப்பை வாங்குபவர் தர மாட்டார், தரவும் தேவையில்லை. இது நம் ஊர்க் குணம் மட்டுமில்லை. 1990களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர அடுக்குமாடி வீட்டு விற்பனைகளை ஆராய்ந்த டேவிட் ஜெனிசோவும் கிறிஸ்டோபர் மேயரும் 2001இல் வெளியிட்ட கட்டுரையில், தான் வாங்கிய விலையைவிடக் குறைந்துபோன சந்தையில் விற்க வந்தவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் விலை சொன்னதைக் காட்டினார்கள். அவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கவும் செய்தது. ஆனால் வீடு விற்காமல் கிடந்த காலமும் நீண்டது. நாம் என்ன கொடுத்து வாங்கினோம் என்பது சந்தைக்குத் தெரியாது, தெரிந்தாலும் கவலைப்படாது.

நமக்கு நாமே கேட்டுக்கொள்ள ஒரு கேள்வி இருக்கிறது. அந்த 84 லட்சம் இன்று உங்கள் கையில் இருக்கிறது, வீடு இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். இதே வீட்டை, இதே படியிறக்கத்தோடும் இதே சன்ஷேடோடும், 84 கொடுத்து வாங்குவீர்களா? ‘சேச்சே, அந்தப் பணத்துக்கு வேறு நல்லதாகக் கிடைக்குமே’ என்று பதில் வந்தால், கேட்டவரை விட்டுவிடாதீர்கள்.

இதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிற தரைவிலையை முதல் ஆள் வாசலுக்கு வருவதற்கு முன்பே ஒரு காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும். தனி ஒருவர் பெயரில் இருக்கும் வீட்டுக்கே இது வேண்டும் என்றால், அப்பா காலமாகி மூன்று பிள்ளைகளுக்கு வந்த வீட்டுக்குச் சொல்லவே வேண்டாம். அங்கே மூன்று தரைவிலை இருக்கும். அந்த வீட்டிலேயே குடியிருக்கிற தம்பிக்கு எந்த விலையும் குறைவுதான். விற்றால் அவர் வாடகைக்குப் போக வேண்டும். மகன் கல்லூரிச் சேர்க்கைக்குப் பணம் தேடும் அக்காவுக்கு 78 வந்தாலே போதும். சிங்கப்பூரில் இருக்கிற அண்ணனுக்கு அடிக்கடி வந்து போக முடியாது, யார் என்ன சொன்னாலும் சரி, ஆனால் பக்கத்து வீடு ஒரு கோடிக்குப் போனதாக யாரோ வாட்ஸப்பில் சொன்னதை விடமாட்டார். கெட்டிக்காரத் தரகர் இதை ஒரே வாரத்தில் மோப்பம் பிடித்துவிடுவார். அக்காவுக்குத் தனியாகப் போன் போகும்.

வெளிநாட்டிலிருக்கும் அண்ணனால் பார்ட்டியும் தயங்கும். இங்கே குடியிருப்பவரிடம் 50 லட்சமோ அதற்கு மேலோ கொடுத்து வாங்கினால் ஒரு சதவீதம்தான் டிடிஎஸ். விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் அவர் பங்குக்குப் பிடித்தம் அதைவிடப் பல மடங்கு. குறைத்துப் பிடிக்க வருமான வரித்துறையிடம் முன்கூட்டியே சான்று வாங்கலாம், அதற்கு நாள் ஆகும். அவர் அங்கே தூதரகத்தில் போட்டு அனுப்பும் அதிகாரப் பத்திரத்துக்கும் இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். இதெல்லாம் தயாராக இல்லாமல் “ஒரு மாசத்துல கிரயம்” என்று மூன்றாமவரிடம் தலையாட்டினால் சொல் தவறியவர் நாமாகிவிடுவோம்.

இனி அட்வான்ஸ். நான் பார்த்த வரையில் வீட்டு விற்பனையில் ஆகக் கொடிய சிக்கல்கள் குறைந்த விலையால் வந்தவை இல்லை. ஒப்பந்தத்தால் வந்தவை. ஒருவர் வருகிறார், பேரமே பேசாமல் கேட்ட விலைக்குச் சரி என்கிறார், ஒரு லட்சம் அட்வான்ஸ், ஆறு மாதக் கெடு. ஒப்பந்தத்தில் ஓர் இடத்தில், ‘தனக்கோ அல்லது தான் காட்டும் நபருக்கோ’ கிரயம் செய்து தர வேண்டும் என்று ஒரு வரி. இவர் வீடு வாங்க வந்தவர் இல்லை. உங்கள் வீட்டைக் காட்டி ஆள் தேடி, மேல் விலைக்குக் கைமாற்ற வந்தவர். ஆள் கிடைத்தால் லாபம் அவருக்கு. கிடைக்காவிட்டால் அவருக்குப் போவது ஒரு லட்சம், அதையும் திருப்பிக் கேட்பார். சிலர் கூடவே பொது அதிகாரப் பத்திரத்தையும் நீட்டுவார்கள். அதிகாரப் பத்திரத்தால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் ‘பவர் போட்டுக் குடுங்க சார், அலைச்சல் மிச்சம்’ என்பது நிற்கவில்லை.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவானால் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். ரத்துப் பத்திரம் பதிவாகும் வரை அடுத்த பார்ட்டி கிட்டே வராது. பதியாமல் வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் போட்டால் தப்பிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். பதிவாகாத ஒப்பந்தத்தையும் கிரயம் செய்து தரக் கோரும் வழக்கில் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்று தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலேயே 2023இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், இந்த வழக்குகளில் நீதிபதிக்கு முன்பு இருந்த ‘பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் போதும்’ என்கிற தாராளத்தைப் பெரும்பாலும் எடுத்துவிட்டது. வழக்குப் போட மூன்று வருடம் அவகாசம். அசையாச் சொத்தில் கெடு தாண்டியதும் ஒப்பந்தம் தானாகச் செத்துவிடும் என்று நீதிமன்றங்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்வதும் இல்லை. அட்வான்ஸ் பத்து சதவீதத்துக்குக் குறைந்து, கெடு மூன்று மாதத்துக்கு மேல் போய், ‘தான் காட்டும் நபர்’ என்கிற வரியும் இருந்தால், விலை ஒரு கோடியே ஆனாலும் நான் அதை ஒரு விலையாகவே மதிக்க மாட்டேன்.

இவ்வளவு தடுமாற்றத்துக்கு விற்பவரை மட்டும் குறை சொல்வதும் சரியில்லை. பக்கத்து வீடு உண்மையில் என்ன விலைக்குப் போனது என்று தெரிந்துகொள்ள நம்மிடம் வழியே இல்லை. வில்லங்கச் சான்றைப் போட்டுப் பார்த்தால் பத்திர விலை தெரியும். ரொக்கமாகக் கைமாறியது தெரியாது. அரசின் வழிகாட்டி மதிப்போ ஆட்சிக்கு ஆட்சி ஏறி இறங்கியிருக்கிறது. 2017 ஜூனில் 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1இலிருந்து 4 சதவீதமாக்கினார்கள். 2023 ஏப்ரலில் பழைய மதிப்பையே மீண்டும் கொண்டுவந்து கட்டணத்தை 2 ஆக்கினார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1995 முதல் விற்ற வீடுகளின் விலையை, தெருவும் கதவு எண்ணும் போட்டு, அங்குள்ள நிலப் பதிவகம் எவரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. நம் பதிவுத்துறையிடமும் அவ்வளவு தகவலும் கணினியில் இருக்கிறது. தெருவாரியாகச் சதுர அடி விலையை, பெயர் இல்லாமல், வெளியிடுவதற்குப் பெரிய செலவில்லை. ஆனால் ஒன்பது சதவீதம் வசூலிக்கிற வரைக்கும் பத்திரத்தில் உண்மை விலை ஏறாது. ஏறாத வரைக்கும் வெளியிட்டும் பயனில்லை. மும்பையில் முத்திரைத் தீர்வை 6 சதவீதம். பதிவுக் கட்டணத்துக்கு 30,000 ரூபாய் என்று உச்ச வரம்பே உண்டு. விகிதத்தைக் குறைத்தால் வருவாய் போகும் என்று அஞ்சுகிறவர்கள், ரொக்கமாகக் கைமாறுகிற பணத்துக்கு இப்போது என்ன வருவாய் வருகிறது என்று சொன்னால் நன்றாக இருக்கும்.

கடைசியாக ஒன்று. 84க்குச் சரி என்று சொன்ன மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ கட்டாயம் ஒருவர் வருவார். “நான் தொண்ணூறு தர்றேன், இன்னும் பத்திரம் ஆகலையே?” ஒப்பந்தம் பதிவாகிவிட்டது என்றால் பேச்சுக்கே இடமில்லை, தெரிந்தே வாங்கியவர் மீதும் முதல் பார்ட்டி வழக்கை நீட்டலாம். வெறும் வாய்ப்பேச்சோடு நிற்கிறது என்றால், முதல் பார்ட்டியிடம் விஷயத்தைச் சொல்லி, இரண்டு நாளில் அட்வான்ஸோடு வரச் சொல்வதில் தப்பில்லை. டோக்கனாகப் பத்தாயிரம் வாங்கியிருந்தால்கூட நான் மாற மாட்டேன். தொண்ணூறுக்காரரின் போன் நம்பரை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வேன். இவருடைய லோன் நின்றுபோனால் அன்றைக்கு அவரைக் கூப்பிடலாம். அப்போதும் அவர் வாயில் தொண்ணூறு வருகிறதா, எழுபத்தைந்து வருகிறதா என்று பார்த்துவிடலாம்.